கோஸ்டா ரிக்காவின் குடும்பக் காப்பித் தோட்டத்தில் மூன்று நாட்கள்: பழம் பறித்ததற்குக் கூலி வாங்கியது சரியா?

மலைத்தடம் எழுதியது:

நண்பர்களுக்கு வணக்கம். கோஸ்டா ரிக்காவின் துர்ரியால்பா நகரில் வேளாண் காடுகள் குறித்த முதுகலைப் படிப்பில் இருக்கிறேன். சென்ற சனவரியில், உடன் படிக்கும் தோழி ஒருவருடைய அழைப்பின்பேரில், அவருடைய தாய்மாமன் குடும்பத்துக்குச் சொந்தமான காப்பித் தோட்டத்தில் மூன்று நாட்கள் தங்கினேன். அங்கே நடந்த ஒரு சிறு நிகழ்ச்சி மனத்தை விட்டு அகலவில்லை. அதைப் பற்றி உங்கள் கருத்தைக் கேட்கவே இந்த இழையைத் தொடங்குகிறேன்.

தோட்டம் லோஸ் சாந்தோஸ் எனப்படும் மலைப்பகுதியில், சாந்தா மரியா தெ தோத்தா ஊருக்கு மேலே இருக்கிறது. தலைநகர் சான் ஹோசேயிலிருந்து தெற்கே செல்லும் நெடுஞ்சாலையில் எல் எம்பால்மே என்னும் இடத்தில் பிரிந்து, வளைந்து வளைந்து இறங்கும் பாதையில் பேருந்து செல்கிறது. ஏறத்தாழ 1,650 மீட்டர் உயரத்தில் மூன்று ஹெக்டேர் நிலம். சரிவு எவ்வளவு செங்குத்தானது என்றால், ஒரு வரிசையில் நிற்பவருடைய தலைக்கு நேரே அடுத்த வரிசைச் செடியின் அடித்தண்டு இருக்கும். இடையிடையே வாழையும், போரோ என்று அவர்கள் அழைக்கும் நிழல் மரமும் நிற்கின்றன. போரோ பயறு வகைக் குடும்பத்தைச் சேர்ந்தது. காற்றிலுள்ள நைட்ரஜனை மண்ணில் சேர்ப்பதால், அதன் கிளைகளை ஆண்டுக்கு இருமுறை வெட்டி அங்கேயே தழையுரமாக விடுகிறார்கள்.

வீட்டில் தாத்தா, மாமா, அத்தை, பள்ளி விடுமுறையில் இருந்த இரண்டு பிள்ளைகள். அந்த நாட்டில் பள்ளி ஆண்டு பிப்ரவரியில் தொடங்கி டிசம்பரில் முடிகிறது. அறுவடை உச்சத்தில் இருக்கும் மாதங்களிலேயே நீண்ட விடுமுறையும் வருகிறது. இவர்களைத் தவிர, பனாமாவிலிருந்து ஒவ்வோர் ஆண்டும் எல்லை கடந்து வரும் நோபே பழங்குடியைச் சேர்ந்த ஒரு கணவனும் மனைவியும் கூலிக்குப் பறித்தார்கள்.

இரண்டாம் நாள் காலை ஐந்தரை மணிக்கு நானும் இடுப்பில் கூடையைக் கட்டிக்கொண்டு இறங்கினேன். எனக்குக் காட்டப்பட்ட வரிசையில் இருந்தவை கட்டுவாய் என்னும் வகைச் செடிகள். அவ்வகையில் சிவப்பாகப் பழுப்பவையும் உண்டு, மஞ்சளாகப் பழுப்பவையும் உண்டு. என் வரிசையில் இரண்டும் கலந்திருந்தன. சிவப்புப் பழத்தில் தவறு செய்ய இடமில்லை. மஞ்சள் பழத்திலோ, பழுத்ததற்கும் பழுக்கவிருப்பதற்கும் உள்ள வேறுபாடு ஒரு மெல்லிய நிறமாற்றம் மட்டுமே. விரலால் மெதுவாக அழுத்தி, அது இணங்குகிறதா என்று பார்த்துத்தான் நான் தெளிய முடிந்தது. காம்போடு பிய்க்கக் கூடாது, கணு காயப்படும் என்று அத்தை இரண்டு முறை வந்து சொல்லிவிட்டுப் போனார். மாலை மூன்று மணிக்குள் என் விரல் நுனிகள் பிசுபிசுத்துக் கறுத்துவிட்டன.

அளக்கும் நேரம் வந்தது. கஹுவேலா என்பது 20 லிட்டர் கொள்ளும் இரும்புப் பெட்டி. ஒவ்வொருவருடைய பழமும் அதில் கொட்டப்பட்டு, மேலே தட்டையாக வழிக்கப்பட்டு, எண்ணிக்கை ஒரு நோட்டுப் புத்தகத்தில் ஏறியது. நோபே தம்பதியர் இருவரும் சேர்ந்து இருபத்து இரண்டு கஹுவேலா பறித்திருந்தார்கள். நான் பறித்தது ஒன்றரை. மாமா அதையும் என் பெயரில் எழுதினார். பிறகு, கொலோன் எனப்படும் அந்நாட்டு நாணயத்தில் 1,500 எடுத்து நீட்டினார். நான் மறுத்தேன். திண்ணையில் அமர்ந்திருந்த தாத்தா, அளந்தது அளந்ததுதான், அளந்துவிட்டால் கொடுத்தாக வேண்டும் என்றார். வாங்கிக்கொண்டேன்.

வாங்கியது சரியா? அன்றிரவு அவர்கள் வீட்டில் உண்டு, அவர்கள் கொடுத்த போர்வையில் உறங்கிய எனக்கு அந்தப் பணம் பாரமாக இருந்தது.

கணக்கேடு எழுதியது:

தம்பி, நெஞ்சில் பட்டதைச் சொல்கிறேன், வருத்தப்பட வேண்டாம். வாங்கியிருக்கக் கூடாது. முதல் காரணம், மாணவர் அனுமதியில் ஒரு நாட்டில் தங்கியிருப்பவர் ஊதியத்துக்கு வேலை செய்யத் தனி அனுமதி வேண்டும். தொகை சிறியது என்பதால் விதி மாறிவிடாது. சிக்கல் வந்தால் உங்களுக்கு மட்டும் வராது, உங்கள் பெயரை நோட்டில் எழுதிய அந்தக் குடும்பத்துக்கும் வரும். இரண்டாவது காரணம், அந்த 1,500 கொலோன் எங்கிருந்து வந்தது என்பதை நீங்கள் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

நான் கணக்குத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன், ஆகவே கணக்காகவே சொல்கிறேன். இருபது கஹுவேலா சேர்ந்தது ஒரு ஃபனேகா. ஒரு ஃபனேகா பழம் ஏறத்தாழ 258 கிலோ. அதிலிருந்து தோல், பசை, ஈரம் எல்லாம் போகக் கிடைக்கும் பச்சைக் கொட்டை 46 கிலோ. அப்படியானால் ஒரு கஹுவேலாவிலிருந்து கிடைப்பது 2.3 கிலோ பச்சைக் கொட்டை. வறுக்கும்போது ஆறில் ஒரு பங்கு எடை குறையும் என்று வைத்துக்கொண்டால், 1.9 கிலோ வறுத்த காப்பி. கோப்பைக்குப் பத்து கிராம் என்று எடுத்தால் 190 கோப்பைகள். கஹுவேலாவுக்கு 1,000 கொலோன் கூலி என்றால், ஒரு கோப்பைக்குப் பறித்தவரின் பங்கு ஐந்து கொலோனைச் சற்றே தாண்டுகிறது. குடிப்பவர் கொடுக்கும் விலையோடு ஒப்பிட்டால் அது மிகச் சிறிய பகுதி. ஆனால் சிறு தோட்டக்காரருக்கு அறுவடைக் காலத்தில் கையிலிருந்து போகும் பணத்தில் பெரும்பகுதி அதுதான். அந்தப் பணத்தில் விருந்தாளிக்குப் பங்கில்லை.

நிழல்மரம் எழுதியது:

நானும் துர்ரியால்பாவில்தான் படித்தேன், பல ஆண்டுகளுக்கு முன்னால். கணக்கேடு ஐயாவின் கணக்கு சரியானது. அதோடு இன்னொன்றையும் சேர்க்க வேண்டும், ஏனென்றால் அந்த நாட்டின் காப்பி எந்த முறையில் விற்கப்படுகிறது என்பது தெரியாமல் இந்தக் கேள்விக்கு விடை சொல்ல முடியாது.

கோஸ்டா ரிக்காவில் விவசாயி பழத்தைப் பதப்படுத்தும் ஆலைக்குக் கொடுக்கும் நாளில் அதற்கு விலை கிடையாது. எத்தனை கஹுவேலா என்ற ரசீதும் ஒரு முன்பணமும் மட்டுமே கிடைக்கும். 1961-ஆம் ஆண்டின் 2762-ஆம் எண் சட்டம் விவசாயி, ஆலை, ஏற்றுமதியாளர் ஆகிய மூவருக்கும் இடையிலான உறவை ஒழுங்குபடுத்துகிறது. ஆலை காப்பியை விற்க விற்க, மூன்று மாதத்துக்கு ஒருமுறை விவசாயிக்குக் கூடுதல் தொகை வரும். எல்லாம் விற்று முடிந்தபின், 1933-இல் தோன்றிய காப்பி நிறுவனமான இகாஃபே கணக்குகளைச் சரிபார்த்து, ஒவ்வோர் ஆலையும் தன் விவசாயிகளுக்குக் கொடுக்க வேண்டிய இறுதி விலையை அறிவிக்கும். ஆலையின் இலாபம் 9 விழுக்காட்டுக்கு மேல் போகக் கூடாது என்று சட்டம் வரம்பிட்டிருக்கிறது. சிறு விவசாயியை ஆலை ஏமாற்றிவிடக் கூடாது என்பதற்காக ஏற்பட்ட இந்த ஏற்பாட்டை நான் மிகவும் மதிக்கிறேன். ஆனாலும் இதன் இன்னொரு பக்கம், தன் பழம் என்ன விலைக்குப் போயிற்று என்பது விவசாயிக்குப் பல மாதங்கள் கழித்துத்தான் தெரியும் என்பது.

ஆகவே மலைத்தடம் அவர்களே, அன்று மாலை அந்த வீட்டில் தன் உழைப்பின் விலையை அறிந்திருந்தவர்கள் மூவர்தாம். நோபே தம்பதியர் இருவர், மூன்றாமவர் நீங்கள். நிலத்துக்கு உரிய மாமாவுக்கு அது தெரியாது.

இதனாலேயே பல குடும்பங்கள் தங்கள் விளைச்சலில் ஒரு பகுதியையாவது தாங்களே பதப்படுத்தி விற்க முனைந்தன. 2001-இல் உலகச் சந்தையில் ஒரு பவுண்டு காப்பியின் விலை 50 அமெரிக்க செண்டுக்கும் கீழே விழுந்ததற்குப் பிறகு, லோஸ் சாந்தோஸ் பகுதியில் வீட்டை ஒட்டிய சிறு ஆலைகள் பெருகின. நீங்கள் தங்கிய வீட்டில் அப்படி ஏதும் இருந்ததா?

மலைத்தடம் எழுதியது:

இருந்தது. முதல் பதிவில் எழுதாமல் விட்டுவிட்டேன். பெரும்பகுதிப் பழம் கூட்டுறவு ஆலையின் கொள்முதல் நிலையத்துக்குத்தான் போகிறது. மேட்டுப் பகுதியில் விளையும் சிறு பங்கை மட்டும் வீட்டிலேயே தோலுரித்து, பசையைக் கழுவாமல், உயர்த்திக் கட்டிய வலைப் படுக்கைகளில் உலர்த்துகிறார்கள். கொட்டையின்மேல் ஒட்டியிருக்கும் அந்தப் பசைக்கு அவர்கள் மொழியில் தேன் என்றே பெயர். பசை எவ்வளவு விடப்படுகிறது, எவ்வளவு மெதுவாக உலர்கிறது என்பதைப் பொறுத்து வெள்ளை, மஞ்சள், சிவப்பு, கறுப்பு என்று பிரிக்கிறார்கள். கறுப்பு வகைக்கு இரண்டு மூன்று வாரங்கள்கூட ஆகும். ஈரப்பதம் 11 அல்லது 12 விழுக்காட்டுக்கு இறங்கும்வரை, பகலில் திரும்பத் திரும்பக் கிளறிவிட வேண்டும். மூன்றாம் நாள் முழுவதும் அந்தப் பிள்ளைகளோடு சேர்ந்து நான் செய்தது இதைத்தான். வெயிலில் அந்தப் படுக்கையிலிருந்து எழும் மணம் காப்பியின் மணமே அன்று, பழச்சாறு புளிக்கத் தொடங்கும்போது வருகிற மணம்.

கிளறிய வேலைக்கு யாரும் பணம் கொடுக்கவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை. பறித்ததற்கு மட்டும் ஏன் கொடுத்தார்கள் என்பது இப்போது இன்னும் புரியாமல் இருக்கிறது.

தென்திசை எழுதியது:

இந்த இழையில் இதுவரை பேசிய எல்லோரும் தோட்டக்காரரின் பக்கத்திலிருந்தே பார்த்திருக்கிறீர்கள். என் ஆய்வுக்காக இரண்டு அறுவடைக் காலங்களில் பறிக்கும் தொழிலாளர்களோடு பேசிப் பழகியவள் என்ற முறையில், அவர்கள் பக்கத்திலிருந்து சொல்ல விரும்புகிறேன்.

பறிப்பவர்களுக்குக் காலையில் ஆளுக்கு ஒரு வரிசை ஒதுக்கப்படும். அந்த வரிசையில் பழுத்திருப்பது அன்றைக்கு அவர்களுக்குரிய வருமானம். காப்பிச் செடியில் எல்லாப் பழமும் ஒரே நாளில் பழுப்பதில்லை. மழைக்குப் பின் பூ எத்தனை முறை பூத்ததோ அத்தனை சுற்றுகள் பறிக்க வேண்டும். முதல் சுற்றிலும் கடைசிச் சுற்றிலும் பழம் அரிதாக இருக்கும், அப்போது நாள் முழுவதும் நடந்தாலும் கூடை நிறையாது. நடுச் சுற்றில்தான், அதாவது சனவரியில்தான், கை நிறையக் கிடைக்கும். அந்த நாட்களில் ஈட்டுவதை வைத்துத்தான் மற்ற மாதங்களைக் கடத்துகிறார்கள். ஆகவே, பழம் மிகுந்த நாளில் விருந்தினர் ஒருவர் கூடையோடு ஒரு வரிசையில் இறங்கும்போது, அந்த வரிசை வேறொருவருக்குக் கிடைத்திருக்க வேண்டியது என்பதை மறக்கக் கூடாது. பணத்தை வாங்கினீர்களா மறுத்தீர்களா என்பதைவிட, யாருடைய வரிசையில் பறித்தீர்கள் என்பதே எனக்கு முதன்மையான கேள்வி.

வாங்கியது பற்றிக் கேட்டால், வாங்கியது சரி என்பேன். அளந்த பழத்துக்குக் கூலி இல்லை என்று ஒரு நாள் ஆகிவிட்டால், அந்தப் பெட்டிக்கு மதிப்புப் போய்விடும். ஒரு கஹுவேலாவுக்குக் குறைந்தபட்சக் கூலி எவ்வளவு என்பதை அரசாணையே நிர்ணயிக்கிறது. பறிப்பவருக்குப் பெரிய பாதுகாப்பு அந்தப் பெட்டியின் கொள்ளளவுதான். விருந்தாளிக்கு ஓர் அளவு, கூலிக்காரருக்கு ஓர் அளவு என்று இல்லாமல் எல்லோர் கண்ணெதிரிலும் ஒரே பெட்டியில் அளந்து, ஒரே விலையைக் கொடுத்த அந்தக் குடும்பத்தை நான் வணங்குகிறேன். தாத்தா சொன்ன சொல்லை அந்த நோபே தம்பதியரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள் அல்லவா?

இன்னொன்று. தோட்டங்களுக்குச் செல்லும் மாணவர்கள் பறிப்பவர்களின் குழந்தைகளைக் கேட்காமல் படம் எடுப்பதைப் பலமுறை கண்டிருக்கிறேன். நோபே பெண்கள் அணியும் நீண்ட வண்ண உடை கண்ணைக் கவரும் என்பது உண்மை. ஆனால் அவர்கள் வேலைக்கு வந்தவர்கள். அறுவடைக் காலத்தில் அக்குழந்தைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளவும் உணவளிக்கவும் மகிழ்ச்சி இல்லங்கள் என்ற பொருள்படும் பெயரில் காப்பகங்கள் நடக்கின்றன. உதவ விரும்புகிறவர்கள் அவற்றைப் பற்றி விசாரித்து அறியலாம்.

கார்முகில் எழுதியது:

நான் வரும் ஆண்டில் ஒரு பருவம் படிப்பதற்காகச் சான் ஹோசேக்குச் செல்லவிருக்கிறேன். இதைப் படித்தபின் ஒரு சிறு குடும்பத் தோட்டத்தையாவது பார்க்க வேண்டும் என்ற ஆவலும், அவர்களுக்குத் தொல்லையாகிவிடுவேனோ என்ற அச்சமும் ஒருங்கே எழுகின்றன. எந்த மாதம் செல்வது நல்லது? அறுவடைக் காலத்தைத் தவிர்த்துவிட வேண்டுமா?

நிழல்மரம் எழுதியது:

தவிர்க்க வேண்டாம் அம்மா, ஆனால் காலத்தை அறிந்து செல்லுங்கள். தர்ராஸுவும் தோத்தாவும் அடங்கிய லோஸ் சாந்தோஸ் பகுதியில் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை அறுவடை மும்முரமாக நடக்கும். அதே மாதங்கள் அங்கே மழையில்லாக் காலமும் ஆதலால், வெயிலில் உலர்த்துவதைப் பார்க்கலாம். துர்ரியால்பா தாழ்வான, மழை மிகுந்த பகுதி. அங்கே அறுவடை ஆண்டின் நடுவிலேயே தொடங்கிவிடும், உலர்த்துவதற்கும் சூடான காற்று செலுத்தும் உருளைகளையே பெரும்பாலும் நம்ப வேண்டியிருக்கும். மார்ச், ஏப்ரலில் முதல் மழை பெய்த சில நாட்களில் சென்றால் பூவைப் பார்க்கலாம். மலைச்சரிவு முழுவதும் வெள்ளை வெளேரென்று பூத்து, மல்லிகையை ஒத்த மணம் வீசும். இரண்டு மூன்று நாட்களில் வாடிவிடும். குடும்பத்தாருக்கு ஓய்வும் பேச நேரமும் இருப்பது அப்போதுதான்.

பேச்சு என்றதும், அவர்களிடம் நீங்கள் கட்டாயம் கேட்க வேண்டியது ரோயா பற்றி. இலைத்துரு நோய்க்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் அது. இலையின் அடிப்பக்கத்தில் ஆரஞ்சு நிறத் தூள் படியும், பிறகு இலைகள் உதிரும், இலையில்லாத செடியில் பழம் பழுக்காமலேயே கருகும். 2012-இல் மத்திய அமெரிக்கா முழுவதும் அது பரவியது. 2013 சனவரியில் கோஸ்டா ரிக்கா பயிர்நல அவசர நிலையை அறிவித்தது. செடியை அடியோடு கவாத்து செய்தால் மறுபடி காய்க்க இரண்டு ஆண்டுகள், புதிதாக நட்டால் மூன்று ஆண்டுகள். மூன்று ஹெக்டேர் மட்டுமே உடைய குடும்பம் அந்த ஆண்டுகளை எப்படிக் கடந்தது என்பதை அவர்கள் வாயால் கேட்பது எந்தப் பாடநூலிலும் கிடைக்காது.

துர்ரியால்பாவுக்கும் ஒருமுறை போய் வாருங்கள். அங்குள்ள காத்தியே ஆய்வு நிலையத்தில் 1949-இல் தொடங்கிய காப்பிச் செடிகளின் சேகரிப்பு இருக்கிறது. எத்தியோப்பியாவில் பிறந்து, ஆப்பிரிக்காவின் வேறு நிலையங்கள் வழியாக 1953-இல் அங்கு வந்து சேர்ந்த கெய்ஷா வகை, இலைத்துருவை ஓரளவு தாங்கும் என்பதற்காகவே பனாமா விவசாயிகளுக்குக் கொடுக்கப்பட்டது. 2004-இல் ஒரு போட்டியில் அதன் மணம் நடுவர்களை வியக்க வைத்தபின்தான் உலகம் அதைத் திரும்பிப் பார்த்தது. காப்பிக் கொட்டையைச் சேமிப்புக் கிடங்கில் உறைய வைத்து நெடுங்காலம் காப்பாற்ற முடியாது என்பதால், அந்தச் சேகரிப்பு முழுவதும் உயிருள்ள செடிகளாக நிலத்தில் நிற்கிறது. எனக்கு அந்த வரிசைகளுக்கிடையே நடந்த நாட்கள் இன்னும் நினைவில் இருக்கின்றன.

கணக்கேடு எழுதியது:

தென்திசை அம்மா சொன்ன அளவுப் பெட்டியின் மதிப்பை நான் எண்ணிப் பார்க்கவில்லை. அந்தக் கோணத்தில் என் கருத்தைத் திருத்திக்கொள்கிறேன். சட்டம் பற்றிச் சொன்னதில் மட்டும் மாற்றமில்லை. கார்முகில் போன்றவர்கள் செல்லும்போது, தங்குவதற்கும் உண்பதற்கும் உரிய தொகையை முதலிலேயே பேசிக் கொடுத்துவிட வேண்டும். அவர்கள் வறுத்து வைத்திருக்கும் காப்பியை அவர்கள் சொல்லும் விலைக்கே, பேரம் பேசாமல் வாங்கலாம். ஆலைக்குப் போகும் பழத்துக்குப் பணம் தவணைகளில் வருகிறது, வீட்டில் விற்கும் பொட்டலத்துக்கு அன்றே வருகிறது.

தம்பி மலைத்தடம், தென்திசை கேட்ட கேள்விக்கு நீங்கள் இன்னும் விடை சொல்லவில்லை. அது யாருடைய வரிசை?

மலைத்தடம் எழுதியது:

விடை எனக்கே தெரியாமல் இருந்ததால்தான் தாமதம். வீட்டை ஒட்டிய, சரிவு குறைந்த வரிசை என்பது மட்டும் நினைவில் இருந்தது. புதியவன் என்பதால் எளிய இடத்தைக் கொடுத்தார்கள் என்று எண்ணியிருந்தேன். தோழியிடம் கேட்டேன், அவர் மாமாவிடம் தொலைபேசியில் கேட்டுச் சொன்னார்.

அது தாத்தாவின் வரிசை. முழங்கால் வலியால் சரிவில் இறங்க முடியாததால், வீட்டோரம் உள்ள அந்தச் செடிகளை மட்டும் அவருக்கென்று விட்டிருக்கிறார்கள். அறுவடைக் காலத்தில் நாள்தோறும் இரண்டு கஹுவேலா பறிப்பார். மகன் அதை அளந்து, நோட்டில் எழுதி, மற்றவர்களுக்குக் கொடுப்பதைப் போலவே கூலியைக் கொடுப்பார். அது அவருடைய கைச்செலவுக்கான பணம். நான் பறித்த நாளில் அவர் காலையில் சிறிது நேரம் மட்டும் பறித்துவிட்டு, எனக்கு இடம் விட்டுத் திண்ணையில் போய் அமர்ந்துகொண்டார். நோட்டின் அந்தப் பக்கத்தைத் தோழி படம் எடுத்து அனுப்பச் சொல்லியிருந்தார். தாத்தாவின் பெயருக்கு எதிரே அரை என்றும், என் பெயருக்கு எதிரே ஒன்றரை என்றும் இருக்கிறது.

அந்த 1,500 கொலோனை நான் செலவழிக்கவில்லை, பாடக் குறிப்பேட்டின் உறையில் அப்படியே இருக்கிறது. அதைத் திருப்பிக் கொடுத்தால் அவர் வாங்க மாட்டார் என்று தோழி உறுதியாகச் சொல்கிறார். வரும் சனவரியில் மீண்டும் வரலாமா என்றும், வந்தால் நான் பறிப்பதைத் தாத்தாவின் கூடையிலேயே கொட்டி அவர் பெயரிலேயே அளக்க வேண்டும் என்றும் எழுதிக் கேட்டிருந்தேன். நேற்று பதில் வந்தது. வரலாம், ஆனால் பச்சைக் காய் கலந்தால் அவர் பெயரில் எழுத விடமாட்டாராம்.